சேறு இறுக முன்னம்

போன கிழமை விடிய வேலைக்குப் போகும்போது ரூ பஜோலில் ஒரு சின்ன 'பெல்' நின்றது. முன்பு ரயில்வே களஞ்சியமாக இருந்து 2013இல் நூலகமும் விடுதியுமாக மாறியதே, அந்தக் கட்டடத்துக்குக் கிட்ட. ஊரில் பெக்கோ என்போமே, அதன் குட்டி. சில்லுக்குப் பதிலாகச் சங்கிலி. நல்ல குளிர். ஒரு பெடியன் குந்தியிருந்து சங்கிலிக்குள் இறுகிய சேற்றைக் கம்பியால் கிண்டிக்கொண்டிருந்தான். "இதை நேற்றுப் பின்னேரமெல்லோ செய்திருக்க வேணும்" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

2012 பெப்ரவரியில் ஐரோப்பாவையே குளிர் வாட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது எனக்குக் காட் இல்லை. பகலில் பரிசுக்கு வெளியே கட்டட வேலை, இரவில் லாச்சப்பலில் கோப்பை கழுவுதல். கட்டட வேலையில் என் பொறுப்பு பெல்லைத் துப்பரவாக்குவது. இரண்டு வருசம் பௌதிகம் படித்துவிட்டுப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த செய்முறைப் பாடம்!

பெல்லை ஓட்டிய போர்த்துக்கேயக் கிழவர்தான் பழக்கினார். சங்கிலிக்குள் உருளும் சில்லுகளுக்கிடையில் சேறு அடைந்திருக்கும். ஈரமாக இருக்கும்போதே சவளால் வழித்தால் லேசு. விட்டால் இரவில் உறைந்து சீமெந்தாகிவிடும். அந்தக் குளிரில் தண்ணி அடிக்கவும் கூடாது, அதுவும் ஐஸாகும். பலகைக்கு மேல் ஏற்றித்தான் நிற்பாட்டவேணும், இல்லாவிட்டால் சங்கிலி நிலத்தோடு ஒட்டிவிடும். டீசலைப் பின்னேரமே நிரப்பவேணும், வெறும் தாங்கியில் ஈரம் படிந்து தண்ணியாகும். சங்கிலியை இறுக்குவது கிறீஸ் அடித்து. இளக்கும்போது முகத்தை நேரே வைக்காமல் மெதுவாகத் திறக்கவேணும், உள்ளே அமுக்கம் அப்படி.

எங்கள் அப்பாவும் வயலால் வந்தால் மண்வெட்டியைக் கழுவாமல் வீட்டுக்குள் ஏறமாட்டார். அங்கே சேற்றை இறுக்குவது வெயில், இங்கே குளிர்.

ஒருநாள் கடையில் ஆள் குறைவு, வேளைக்கு வா என்றார்கள். சேற்றை வழிக்காமல் ஓடிவிட்டேன். அடுத்தநாள் காலை சங்கிலி அசையவில்லை. கிழவர் முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்துப் பார்க்க, ஒரு பக்கச் சங்கிலி கழன்றுவிட்டது. அரைநாள் வேலை நின்றது. பொறுப்பாளர் கத்திக்கொண்டு வந்தார். எனக்குக் கால் நடுங்கியது. கிழவர் என்னைப் பார்க்கவேயில்லை. "நான்தான் அவனைப் போகச் சொன்னேன். நான் வழிப்பதாக இருந்தது, மறந்துவிட்டேன்" என்றார்.

மூன்று கிழமையில் அந்த வேலை முடிந்தது. பிறகு அவரைக் காணவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சிலும் 'மெர்சி' இருந்தது. ஆனால் சொல்லவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாதம் எங்கள் குசினியில் ஒரு புதுப் பெடியன் பொரிக்கிற சட்டியைக் கழுவாமல் போய்விட்டான். அவனுக்கும் காட் இல்லை. மற்ற வேலைக்கு நேரமாகிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். முதலாளி கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவன் வேலையில் இல்லை.

பெல்லைக் கண்ட நாளிலிருந்து இதுதான் மனதை அரிக்கிறது. அவனுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. நாளைக்கு எனக்கு லீவு. எடுக்கவேணும்.