இரண்டாந்தரம் டக்கெண்டு வருது சேர்

ஒரு மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்ட கதை இது.

ஜெயபுரத்தில் சிக்னலை நம்பிப் பாடம் நடத்த முடியாது. அதனால் பாடசாலையின் பழைய கணினியில் கிவிக்ஸ் போட்டேன். தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே கோப்பில் வரும். இணையம் தேவையில்லை, இலவசம்.

தரம் 9 பாடத்தில் 'இரணைமடு' என்று தேடினோம். சுணங்கியது. ஒரு பொடியன், "சேர், திரும்பத் தேடுங்கோ, இரண்டாந்தரம் டக்கெண்டு வரும்" என்றான். "புழுகாதே, மிசினுக்கு ஞாபகமா இருக்கு?" என்றேன். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அவன் கையே உயர்த்தவில்லை.

ஒருநாள் பாடசாலை விட்டபின் இருந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி.

கிவிக்ஸுக்குள் தேடுவது சேப்பியன் என்ற மென்பொருள். அது கட்டுரைகளை வாசிப்பதில்லை. எந்தச் சொல் எந்தக் கட்டுரையில் உண்டு என்று முன்பே எழுதிய சொல்லடைவைத்தான் பார்க்கிறது. அதையும் முழுதாக நினைவகத்துக்கு ஏற்றுவதில்லை. அடைவு சிறு சிறு துண்டுகளாக, வழமையாக 8 கிலோபைட் அளவில், மரம் போல அடுக்கப்பட்டிருக்கும். வேர், கிளை, இலை என்று தேவையான துண்டுகளை மட்டும் வன்தட்டிலிருந்து எடுக்கும். பழைய வன்தட்டில் ஒவ்வொரு எடுப்புக்கும் முள் நகரவேண்டும். சுமார் 10 மில்லிசெக்கன். பல துண்டுகள் சேரும்போது நமக்கே தெரியும்.

எடுத்த துண்டுகளைப் பணிசெயல் முறைமை சும்மா கிடக்கும் நினைவகத்தில் விட்டுவைக்கிறது. ஞாபகம் அதனுடையது, சேப்பியனுடையது அல்ல. அடுத்தமுறை வன்தட்டுக்குப் போகத் தேவையில்லை. 'வவுனிக்குளம்' என்று புதிதாகத் தேடினாலும் கொஞ்சம் வேகம்தான். வேரும் சில கிளைகளும் ஏற்கனவே வந்துவிட்டன அல்லவா. பெரிய வேறு வேலை கொடுத்து நினைவகத்தை நிரப்பினால் அந்தத் துண்டுகள் வெளியேறும். கணினியை அணைத்தால் எல்லாம் போகும். வேகம் வரட்டும் என்று நான் அடிக்கடி ரீஸ்டார்ட் செய்துவந்தேன், பாருங்கள்!

மறுநாள் வகுப்பின் முன்னால், "நீ சொன்னது சரி, நான்தான் பிழை" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப கரண்ட் போனா அடைவும் அழியுமா சேர்?" என்று கேட்டான். அழியாது, அது வன்தட்டில் இருக்கிறது, முதல் தேடல்தான் திரும்பச் சுணங்கும் என்றேன்.

இப்போது பாடத்துக்கு முன் கணினியைப் போட்டு, அன்றைய சொற்களை ஒருதரம் தேடிவைப்பது அவன் வேலை.