வலிக்காத உடம்புக்கு வைத்தியம்

சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்தான் டாக்டரிடம் தவறாமல் போக வேண்டும் என்று சொன்னால் எங்கள் கிளியூரில் பலருக்கு அது சரியாகப் படுவதில்லை. காய்ச்சல் என்றால் போகலாம், சரிவில் வழுக்கிக் கால் பிசகினால் போகலாம். ஒரு குறையும் இல்லாத உடம்போடு ஏற்காடு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பதும், கண்ணைக் காட்டுவதற்கென்று இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போவதும் அவர்களுக்கு வீண்வேலை. "உங்களுக்குத்தான் சுகர் கன்ட்ரோல்ல இருக்குதே ரைட்டரே, அப்புறம் எதுக்குங்க கீழே போறீங்க?" என்று கேட்பார்கள். காப்பித் தோட்டத்தில் வெகுகாலம் கணக்கு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ரைட்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் கேட்பதைத் தவறென்று நான் நினைக்கவில்லை. மலையிறங்கினால் ஒரு நாள் கூலி போகும் என்பதைக் கையால் உணர்ந்தவர்களின் கேள்வி அது.

அவர்களிடம் நான் தண்டுத் துளைப்பானைப் பற்றிப் பேசுவேன். அராபிகா பயிரிடும் எவருக்கும் அந்த வண்டைத் தெரியும். பட்டை வெடிப்பில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். புழு உள்ளே புகுந்து தண்டைக் குடைந்துகொண்டே இருக்கும். வெளியே இலையெல்லாம் பச்சை. இலை மஞ்சளாகி வாடிய பிறகு போய்ப் பார்த்தால் அந்தச் செடி நமக்கு இல்லை. அதனால்தான் வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பாகவே, கோடைக்கு முன் ஒருமுறையும் ஐப்பசிக்கு முன் ஒருமுறையும், ஆட்களை விட்டுச் செடி செடியாகத் தண்டைப் பார்க்கச் சொல்வோம். பட்டையில் மேடு தட்டினால் பிடுங்கி எரித்துவிட வேண்டும். பச்சைப் பசேலென்று நிற்கும் தோட்டத்துக்கு எதற்கு இந்தக் கூலி என்று எந்த முதலாளியும் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டுக்குள் வராத சர்க்கரை குடைவதும் விழித்திரையை, சிறுநீரகத்தை, பாதத்து நரம்பை. தொடக்கத்தில் மூன்றிலுமே வலி தெரியாது.

எங்கள் பக்கம் 'மூணு மாச டெஸ்ட்' என்று சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். ரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் சர்க்கரையில் ஒரு பங்கு அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதம் நாம் இருந்த இருப்பு வெளியே வந்துவிடும். முந்தின நாள் மட்டும் பலாச்சுளையைத் தொடாமல் இருந்து அதை மாற்ற முடியாது. பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பது இலக்கு. மிக வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ சுகர் வருபவர்களுக்கும் டாக்டர் அதைக் கொஞ்சம் தளர்த்துவார். ரத்தசோகை இருந்தால் இந்த எண் பிசகிக் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்ட வேலை செய்யும் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பல வருஷமாக ஏழைத் தாண்டவில்லை. தாண்டாததாலேயே போகிறேன்.

இதற்கு ஆதாரமாக நான் பிடித்துக்கொண்டிருப்பது பிரிட்டனில் 1977இல் தொடங்கிய ஓர் ஆய்வு. புதிதாகச் சர்க்கரை நோய் தெரியவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். ஒரு சாராருக்குச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு அந்தக் காலத்து வழக்கமான வைத்தியம். 1998இல் முடிவு வந்தது: இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகக் கெடுதல்கள் குறைவு. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். 2008இல் வந்த தகவல்தான் என்னை அசைத்தது. ஆய்வு முடிந்து ஒரு வருஷத்துக்குள் இரண்டு சாராரின் சர்க்கரை அளவிலும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. இருந்தும், பத்தாண்டு கழித்துப் பார்க்கும்போது, முதலில் நன்றாக வைத்திருந்தவர்களுக்கே பாதிப்பு குறைவு, மாரடைப்பிலும் அப்படியே. நோய் வந்த முதல் வருஷங்களில் செய்த கவனிப்பு உடம்புக்குள் அழியாமல் இருந்து உதவியிருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து, புதிதாக சுகர் என்று தெரிந்து முகம் வாடி வரும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்படி வருபவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த ஆய்வு 2023இல் வெளியானபோது இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்றார்கள். சேர்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் தின்று வளர்ந்த வீடுகளிலும் இன்று மாத்திரைப் பட்டை இருக்கிறது. சாமைக்குத் திரும்பினால் போதும், மாத்திரை வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சாமை நல்ல தானியம், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அதிலும் மாவுச்சத்துதான் பெரும்பங்கு. தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

பரிசோதனைகளில் பாதப் பரிசோதனைக்குத்தான் ஜனங்கள் அதிகம் கூச்சப்படுகிறார்கள். சேறு படிந்த காலை டாக்டர் முன் நீட்டுவதா என்று தயங்குவார்கள். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து, அது வளையும் மட்டும் அழுத்துவார். கண்ணை மூடிக்கொண்டு, பட்டால் சொல்ல வேண்டும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. அது படுவது தெரியாவிட்டால் அந்தப் பாதத்துக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் அட்டை கடித்து ரத்தம் வழிவதும், காப்பிச் செடியின் வெட்டுக் குச்சி ரப்பர் செருப்பைத் துளைப்பதும் இங்கே சாதாரணம். உணர்ச்சி இருப்பவன் உடனே காலை எடுப்பான். இல்லாதவன் சாயங்காலம் குளிக்கும்போது பார்ப்பான், பார்த்தால்.

மரத்துப்போவதற்கெல்லாம் சர்க்கரையே காரணம் என்றும் இல்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுத்தால் சிலருக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறையும், அதனாலும் கால் மரக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும், சரிசெய்யவும் முடியும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டே காலம் ஓட்டினால் இதை யார் சொல்வார்கள்?

பக்கத்து வீட்டு அக்கா இன்சுலின் போட்டுக்கொள்பவர். 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாகப் போட்ட அதே மருந்தின் வழிவந்தது, இன்று எங்கள் தெருவில் மண்பானைக்குள் இருக்கிறது. எங்கள் குளிர் அதற்குத் தோது. கஷ்டமெல்லாம் வழியில்தான். சித்திரை வெயிலில் சேலத்தில் வாங்கி, பஸ்ஸில் மேலே வருவதற்குள் அது சூடேறிவிடக் கூடாது. அதற்காகப் பனிக்கட்டி மேலேயே வைத்தாலும் உறைந்து கெடும். அக்கா ஃபிளாஸ்க்கில் துணி சுற்றி எடுத்துவருவார். இடுப்பு முடிச்சில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம். மேட்டில் விறகு சுமக்கும்போது கை நடுங்கி வியர்த்தால் சுமையை இறக்கிவிட்டு முதலில் அதைக் கரைத்துக் குடிப்பார், கால் மணி நேரம் உட்காருவார், பிறகுதான் எழுவார்.

எங்கள் இருவர் வீட்டுக்கும் வருபவர் ஒரு சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை செய்யும் பெண். பிபி பார்த்து, விரலில் குத்தி சுகர் பார்த்து, நோட்டில் குறித்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். மார்கழிக் குளிரில் விரல் விறைத்து ரத்தத் துளி வராது. "கையைக் கொஞ்சம் தேய்ச்சு விடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அது வரும்வரை மாத்திரைப் பட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவார். அந்த எண்ணிக்கைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகவே ஒரு வேளையும் விடுவதில்லை. இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது என்று படித்தபோது, அந்தப் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் சரிவில் ஏறிவருவதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அவரால் விழித்திரையைப் பார்க்க முடியாது, சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று சொல்ல முடியாது. கிளியூருக்கு ஏற்காடு பக்கம். மலையின் அந்தப்புறத்துச் சிற்றூர்களுக்கு அந்த வசதியும் இல்லை. விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவை வண்டியில் ஏற்றி மலைக்கிராமங்களுக்கு முறைவைத்து அனுப்ப முடியும். படத்தைக் கீழே இருக்கும் கண் டாக்டர் பார்த்துச் சொல்லலாம். சந்தை கூடும் நாளில் வந்தால் கூலியும் போகாது. இதைக் கேட்டு மனு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை கீழே போகத்தான் வேண்டும். கண்ணில் சொட்டுமருந்து விட்டால் பாப்பா விரிந்து சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. இருசக்கர வண்டியில் தனியாக மலையேறக் கூடாது. அதனால் இந்த முறை சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். அவர் கண்ணை இதுவரை யாரும் உள்ளே பார்த்ததில்லை. வர ஒப்புக்கொண்டுவிட்டார். பழம் பறிப்பு தொடங்குவதற்கு முன் போய்விட வேண்டும், காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இட்லிப் பொட்டலமும் மதிய ஊசியும் அவர் பொறுப்பு, இரண்டு பேர் சீட்டும் பழைய ரிப்போர்ட்டுகளும் என் பொறுப்பு.