அமெரிக்கப் பிரயாணம்: கான்டன் நகரத்துச் சாக்ஸ்டன் மாளிகை

மென்டர் என்னும் சிற்றூரில், கார்ஃபீல்டு ஜனாதிபதியின் மனைவி லுக்ரீஷியா அம்மையார், கணவர் கொலையுண்டு இறந்த பிறகு அவருடைய கடிதங்களையும் புத்தகங்களையும் பாதுகாப்பதற்கென்றே தம் வீட்டோடு சேர்த்து ஒரு நூல்நிலையம் கட்டிய விருத்தாந்தத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதே ஒஹாயோ மாகாணத்தில், கிளீவ்லாந்து நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 60 மைல் தூரத்தில் இருக்கும் கான்டன் என்ற ஊருக்குப் போனால், ஒரு ஜனாதிபதியின் மனைவி பிறந்து வளர்ந்த குடும்பத்தின் வீட்டையும், அமெரிக்க ஜனாதிபதிகளின் மனைவிமார் அனைவருக்குமாக ஏற்பட்டிருக்கும் ஒரு சரித்திரக் காட்சிசாலையையும் மார்க்கெட் அவென்யூ என்ற ஒரே தெருவில் பார்க்கலாம். கான்டனுக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர்களின் புகழைப் போற்றுவதற்காக 1963-ல் திறந்த மண்டபத்தை நாடியே வருகிறார்கள். ஆகையால் மார்க்கெட் அவென்யூவில் எங்களைப் போல் வந்து நின்றவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கினார்கள்.

முதலில் எங்களை அழைத்துப் போனது, 1895-ல் ஒரு பாங்கிக்காகக் கட்டிய ஏழு மாடிக் கட்டிடத்துக்கு. இப்போது அது நூல்நிலையமாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் இருக்கிறது. இந்த ஸ்தாபனம் பிறந்ததற்குக் காரணமானவர் மேரி ரெகுலா என்ற அம்மையார். இந்த ஜில்லாவிலிருந்து நெடுங்காலம் அமெரிக்கக் காங்கிரஸுக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ரால்ஃப் ரெகுலாவின் மனைவி. லிங்கனின் மனைவி மேரி டாட் அம்மையாரைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்ய நேர்ந்தபோது, படிப்பதற்குத் தக்க நூல்கள் எவ்வளவு அருமையாகக் கிடைக்கின்றன என்பதைக் கண்டு மனம் வருந்தி, ஜனாதிபதிகளின் மனைவிமாரைப் பற்றி எங்கே என்ன எழுதப்பட்டிருந்தாலும் அதை ஒரே ஜாபிதாவாகத் தொகுத்துவிட வேண்டும் என்று அவர் எடுத்த சங்கல்பந்தான் 1990-களில் இந்த நூல்நிலையமாக உருக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் இந்தக் கட்டிடத்தையும் சாக்ஸ்டன் மாளிகையையும் தேசிய சரித்திர ஸ்தலமாக அங்கீகரித்தது.

வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில், ஜனாதிபதிகளின் மனைவிமார் உடுத்திய பட்டாடைகளைக் கண்ணாடிக்குள் வைத்து 1914-ஆம் ஆண்டு முதல் காட்டி வருகிறார்கள். அங்கே எப்போதும் ஜனக்கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆடைகளைப் பார்ப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் ஜீவியத்தை அவள் உடுத்திய உடையால் மட்டும் அளந்துவிட முடியுமா என்ற கேள்வி அங்கே என் மனத்தில் எழுந்து, விடை காணாமலே இருந்தது. கான்டனில் அதற்கு விடை கிடைத்தது. இங்கே முதன்மை ஸ்தானம் புத்தகங்களுக்கு. ஃபில்மோர் ஜனாதிபதியின் மனைவியும், விவாகத்துக்கு முன் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவருமான அபிகேல் ஃபில்மோர், வெள்ளை மாளிகையில் புத்தகங்களே இல்லாத குறையைக் கண்டு, 1850-ல் காங்கிரஸ் கொடுத்த 2,000 டாலரைக் கொண்டு அங்கே முதல் நூல்நிலையத்தை அமைத்தார். அந்த நூல்களை ஒத்த ஒரு தொகுதியை இங்கே திரும்பவும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தம் கணவர் எழுதிய கடிதங்களையெல்லாம், ஒன்றிரண்டு தவிர, நெருப்பிலிட்டுப் பொசுக்கிய மார்த்தா வாஷிங்டன். ஹார்டிங் ஜனாதிபதி இறந்ததும் அவருடைய காகிதங்களில் பெரும் பகுதியை எரித்த ஃப்ளாரன்ஸ் ஹார்டிங். பூகர்ப்ப சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, சுரங்கத் தொழிலைப் பற்றிய ஒரு பழைய லத்தீன் நூலைக் கணவரோடு சேர்ந்து 1912-ல் இங்கிலீஷில் மொழிபெயர்த்த லூ ஹூவர் என்று இவர்களை ஒருவர்பின் ஒருவராக நினைக்கும்போது, சரித்திரம் எவ்வளவு பேரை வெறும் துணைப் பாத்திரங்களாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது என்பது விளங்குகிறது.

அங்கிருந்து சிறிது தூரம் தெற்கே நடந்தால் சாக்ஸ்டன் மாளிகை. செங்கல் கட்டிடம், மேல்மாடி முழுவதும் சரிந்த கூரைக்குள் அடங்கியிருக்கும் அந்தக் காலத்து அமைப்பு. இதன் பழைய பகுதியை 1841-ஆம் ஆண்டையொட்டிக் கட்டியவர் ஐடா சாக்ஸ்டனின் தாய்வழிப் பாட்டனார் ஜார்ஜ் டிவால்ட். பிறகு அதை விஸ்தரித்தவர் ஐடாவின் தந்தை ஜேம்ஸ் சாக்ஸ்டன். தந்தைவழிப் பாட்டனாரான ஜான் சாக்ஸ்டனோ 1815-ல் இந்த ஊரில் பத்திரிகை ஆரம்பித்தவர். ஆகவே, மக்கின்லி ஜனாதிபதியின் மனைவி என்று உலகம் அறிந்த ஐடா அம்மையார், கான்டன் ஊரைப் பொறுத்தவரை, மக்கின்லியைவிடப் பழமையும் செல்வமும் செல்வாக்கும் படைத்த குடும்பத்தின் மூத்த மகள்.

பழைய பாணி உடை தரித்த ஓர் அம்மாள் எங்களுக்கு வழிகாட்டினார். சுவர்க் காகிதங்களும் கம்பளங்களும் திரைகளும் ஒன்றையொன்று விஞ்சும் பூ வேலைப்பாடுகளோடு விளங்க, எந்த இடத்தையும் வெறுமையாக விடக் கூடாது என்பது விக்டோரியா காலத்து ரசனை போலும் என்று எண்ணிக்கொண்டே ஒவ்வோர் அறையாகப் போனோம். இந்த அலங்காரங்கள் என்னை அவ்வளவாகக் கவரவில்லை. என்னைக் கவர்ந்தது மூன்றாவது மாடி. அங்கே விசாலமான நடன மண்டபமும், மக்கின்லி படிப்பதற்கும் எழுதுவதற்கும் வைத்துக்கொண்டிருந்த அறையும் இருக்கின்றன. 1878 முதல் 1891 வரையில், காங்கிரஸ் அங்கத்தினராக வாஷிங்டனில் இருந்த காலம் போக மற்றக் காலத்தில், மக்கின்லி தம்பதிகள் கான்டனில் வசித்தது இந்த வீட்டில்தான். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சற்றுக் குறைவாகப் பேசுவார்கள். பின்னால் ஒரு பெரிய தேசத்துக்கே தலைவராகப் போகிற மனிதர் மாமனார் வீட்டு மாடியில் மேஜை போட்டு உட்கார்ந்து வரிச் சட்டங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதும், அதில் அவர் எவ்விதக் குறைவையும் உணரவில்லை என்பதும் அந்த அறையில் நிற்கும்போது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

ஐடா 1847 ஜூன் 8-ஆம் தேதி பிறந்தவர். பென்ஸில்வேனியாவில் படித்து, 1869-ல் தங்கை மேரியோடு ஐரோப்பா முழுவதும் யாத்திரை செய்து திரும்பிய பிறகு, தந்தையின் பாங்கியிலேயே வேலை பார்த்தார். செல்வர் வீட்டுப் பெண் சம்பாத்தியத்துக்கு அவசியமில்லாமலே கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்து பணம் எண்ணுவது அந்தக் காலத்து அமெரிக்காவில் ஊரார் கண்ணை விரிக்கச் செய்த காரியம். ஆனால் மகளுக்குத் தன் காலில் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கருதிய தந்தையின் உறுதி அவ்வாறு இருந்தது. உள்நாட்டு யுத்தத்தில் மேஜர் பதவி வரையில் உயர்ந்துவிட்டு, இந்த ஊருக்கு வந்து வக்கீல் தொழில் ஆரம்பித்திருந்த மக்கின்லி அவரை 1871 ஜனவரி 25-ஆம் தேதி விவாகம் செய்துகொண்டார். தந்தை மகளுக்குச் சீதனமாக வடக்கு மார்க்கெட் தெருவில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று காத்தரீன் என்ற மகள் பிறந்தாள்.

இதன் பிறகு நடந்தவற்றை வழிகாட்டி அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். 1873 மார்ச்சில் ஐடாவின் தாயார் இறந்தார். சில நாட்களில் இரண்டாவது பெண் பிறந்தாள். அந்தக் குழந்தை ஐந்து மாதம் நிறைவதற்குள் ஆகஸ்டில் இறந்தது. 1875 ஜூனில் மூத்த மகளும் விஷஜுரத்தால் இறந்தாள். பாங்கியில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்த பெண், இருபத்தெட்டு வயதுக்குள் தாயையும் இரு மகவுகளையும் இழந்து, நடப்பதே சிரமமாகி, காக்காய் வலிப்பு நோய்க்கும் ஆளானார். அந்த நோயின் பெயரை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விருந்துகளில், சம்பிரதாயத்துக்கு மாறாக, மனைவியைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, வலிப்பு வரும் சமயம் அவர் முகத்தைக் கைக்குட்டையால் மறைத்து, பேச்சை நிறுத்தாமலே நடத்திக்கொண்டு போனார் மக்கின்லி. ஒஹாயோ கவர்னராக இருந்தபோது தினந்தோறும் மாலை 3 மணிக்கு ஆபீஸ் ஜன்னலிலிருந்து, எதிரே ஹோட்டலில் காத்திருக்கும் மனைவியை நோக்கிக் கைக்குட்டையை வீசுவது அவர் வழக்கம். 1896 ஜனாதிபதித் தேர்தலில் ஐடாவின் உடல்நிலையைப் பற்றிய வதந்திகளுக்குப் பதிலாக, வேட்பாளரின் மனைவிக்கென்று ஒரு ஜீவிய சரித்திரமே அச்சிட்டு வெளியிட வேண்டியிருந்தது.

இந்தக் கைக்குட்டைக் கதைகளை அமெரிக்கர்கள் விரும்பிச் சொல்கிறார்கள். மக்கின்லியின் அன்பை நானும் மனமார வணங்குகிறேன். ஆனால் அந்தக் கதைகளில் ஐடா வெறும் நோயாளியாகவே நின்றுவிடுகிறார் என்ற ஆதங்கத்தை எனக்கு உண்டாக்கியது, அங்கே வைத்திருக்கும் ஒரு ஜோடி காலணி. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிக் காலணி. குரோஷா ஊசியால் நெருக்கி நெருக்கிப் போட்ட பின்னல். கீழே தனியாக வைத்துத் தைத்த அடிப்பாகம். குனிந்து பார்த்தேன். வரிசைக்கு வரிசை பின்னல் சமமாக ஓடுகிறது; எங்கும் ஒரு கண் தளரவில்லை, ஓர் இடத்திலும் இறுகவில்லை. இவ்விதம் ஆயிரக்கணக்கான ஜோடிகளைத் தம் கையாலேயே பின்னி, சிநேகிதர்களுக்கும், யுத்தத்தில் ஈடுபட்ட கிழவர்களுக்கும், தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டுகிறவர்களுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தார் ஐடா அம்மையார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத நாட்களிலும் அந்தக் கை ஓயவில்லை. பாங்கியில் கணக்குப் பார்த்த கை அல்லவா? இந்த ஒரு ஜோடி காலணி அந்த வீட்டு நாற்காலிகள் எல்லாவற்றையும்விட அவரைப் பற்றி அதிகமாகச் சொல்லுகிறது என்பது என் அபிப்பிராயம்.

1901 செப்டம்பர் 6-ஆம் தேதி பஃபலோ நகரத்துக் கண்காட்சியில் மக்கின்லி சுடப்பட்டார். ரத்தம் பெருகிக்கொண்டிருக்கும்போது, தம் மனைவிக்கு இதை ஜாக்கிரதையாகத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் அவர் காரியதரிசியிடம் சொன்னாராம். எட்டாம் நாள் அவர் இறந்தார். கணவருக்குப் பின் அந்த அம்மையார் சில மாதங்கள்கூடத் தாங்க மாட்டார் என்று எல்லோரும் எண்ணியிருக்க, ஐந்து வருஷத்துக்கு மேல் கான்டனில் வாழ்ந்து, கணவரின் உடல் வைக்கப்பட்டிருந்த மயானத்துக்கு ஏறக்குறையத் தினந்தோறும் போய் வந்துகொண்டிருந்தார்.

சீதனமாகக் கொடுத்த வடக்கு மார்க்கெட் வீடு, 1896 தேர்தலின்போது சுமார் 7,50,000 ஜனங்கள் வந்து வாசலில் நின்று மக்கின்லியின் பேச்சைக் கேட்ட வீடு, இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். சாக்ஸ்டன் மாளிகைக்கும் நல்ல கதி கிடைக்கவில்லை. குடும்பத்தின் கையை விட்டுப் போன பின், முகப்பை மறைத்துக் கடைகள் எழுந்து, அறைகள் வாடகைக்குப் போய், வீடு பாழடைந்து கிடந்தது. ஊரில் சிலர் விடாமுயற்சியோடு அதை மீட்டு, பழைய புகைப்படங்களை ஆதாரமாக வைத்துப் புதுப்பித்திராவிட்டால், மக்கின்லி தம்பதிகள் கான்டனில் வாழ்ந்ததற்கு ஒரு வீடுகூட மிஞ்சியிராது.

மாலையில் மக்கின்லி ஞாபக மண்டபத்துக்குப் போனோம். ஒரு குன்றின்மேல் வட்டமான பெரிய கோபுரம். அதற்கு ஏறிப் போக, நம்மவர் காதுக்கு இனிக்கும்படி, சரியாக 108 படிகள். உள்ளே கணவனும் மனைவியும் அருகருகே இரண்டு கல் பேழைகளில் துயில்கிறார்கள். பின்புறச் சுவருக்குள் அந்த இரண்டு குழந்தைகள். 1907 செப்டம்பர் 30-ஆம் தேதி தியோடர் ரூஸ்வெல்ட் முன்னிலையில் இந்த மண்டபம் திறக்கப்பட்டது. ஐடா அம்மையார் அதைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் மே 26-ஆம் தேதியே அவர் காலமாகிவிட்டார்.

ஒஹாயோ பக்கம் போகும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த 108 படிகளை ஏறுவதற்கு முன் சாக்ஸ்டன் மாளிகையைப் பார்த்துவிடுங்கள். வழிகாட்டியோடுதான் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆகையால் நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொண்டு போவது நலம். அடுத்த இதழில், ஜனாதிபதிகளின் மனைவிமாரில் முதன்முதல் கல்லூரிப் பட்டம் பெற்ற லூசி ஹேய்ஸ் அம்மையார் வாழ்ந்த ஃப்ரீமான்ட் ஊருக்குப் போவோம்.