விளக்கும் வளியும்

தொல்காப்பியப் பிறப்பியலை நடத்தும்போதெல்லாம், உந்தியிலிருந்து எழும் காற்றே மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு எழுத்தாகிறது என்று சொல்லிக் கடந்துவிடுவேன். ஒரு வாக்கியத்தை முடிக்கவே காற்றுப் போதாதவர் என் வீட்டிலேயே இருக்கப்போகிறார் என்று அப்போது எண்ணியதில்லை.

அம்மா பீடி, சிகரெட்டைத் தொட்டவரல்லர். நாற்பது ஆண்டுகள் சீமைக்கருவேல விறகை ஊதி ஊதி எங்களுக்குச் சோறாக்கியவர். வந்தது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஆக்சிஜன் குறையும் இடத்தில் நுரையீரலின் ரத்த நாளங்கள் சுருங்கிக்கொள்ளும். அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் தளரும். அம்மாவின் கால் வீக்கத்துக்கு அதுவே காரணமென்று மருத்துவர் சொன்னார்.

அரைகுறையாகப் படித்தவன் செய்வதை நானும் செய்தேன். வாகனப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடுதான் நம் ரத்த நாளங்களைத் தளர்த்துகிறது என்று கண்டவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைகளுக்கு அதைச் சுவாசிக்கக் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கும் கொடுக்கலாமே என்றேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: காற்றுச் சரியாகப் போகாத பகுதியிலும் அது நாளத்தைத் திறந்துவிடக்கூடும், அங்கே ரத்தம் ஆக்சிஜன் பெறாமலே கடந்துபோகும். நாளங்கள் சுருங்குவதிலும் உடலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது!

எஞ்சியது பழைய ஆக்சிஜன்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்கள் நாளுக்கு 15 மணிநேரமாவது அதைச் சுவாசித்தால் ஆயுள் நீள்கிறது என்று 1981இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. வீட்டுக்குச் செறிவூட்டி வந்தது. மின்வெட்டுக்கு ஓர் உருளையும் வந்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: அருகில் நெருப்பு ஆகாது.

அடுக்களை விலக்கப்பட்டதை அம்மா ஏற்றுக்கொண்டார். அந்தி விளக்கைத்தான் விடவில்லை.

"ஏய்யா, ஒரு விளக்குக்கூட நான் பொருத்தக் கூடாதா?"

மின்விளக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த உரையாசிரியரும் உரை எழுத முடியாது.

இப்போது மாலையில் இயந்திரத்தை நிறுத்துகிறேன். அம்மா குழாயைக் கழற்றிவிட்டு, சேலையில் தங்கிய ஆக்சிஜன் கலையட்டுமென்று வெளித்திண்ணையில் அரைமணி நேரம் இருக்கிறார். பிறகு பத்தடி நடக்கிறார். நடுவில் ஒருமுறை தூணைப் பிடித்து நிற்கிறார். விரலில் மாட்டிய கருவியில் எண் 90இலிருந்து 84க்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போகிறேன். தீக்குச்சியை அணைக்க மட்டும் அவர் ஊதுவதில்லை. கையை வீசி அணைக்கிறார்.