எந்தக் கம்பெனித் தொட்டி நல்லது?

மேல்பட்டாம்பாக்கத்தில் மீன் தொட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். நெய்வேலி நகரியத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு தொட்டிக்குள் கண்ணாடி வார்த்தவர், சிலிக்கான் செய்தவர், ஒட்டியவர் என்று பலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடை போட வேண்டும்.

கண்ணாடியில் வித்தியாசம் குறைவு. செயின்ட் கோபெய்ன் 2000-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரில் வார்க்கிறது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கும் இந்த முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் 1959-இல் அறிவித்தது. இன்று உலகமெங்கும் பெரும்பாலும் அதுதான். ஜப்பானில் தகாஷி அமானோ 1982-இல் தொடங்கிய ஏ.டி.ஏ.வின் தொட்டிகள் பளிங்குபோல் தெளிவாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் கண்ணாடியில் இரும்புச் சத்து குறைவு. நம் கண்ணாடியின் விளிம்பில் தெரியும் பச்சை அதில் இருக்காது. அது அழகு. பலத்தைத் தருவது கனம்.

கனத்தைத் தீர்மானிப்பது உயரம். 4 அடி நீளத் தொட்டியில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றால், முன்கண்ணாடியைச் சுமார் 125 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். தண்ணீர் 2 அடியானால் அது 225 கிலோவை எட்டும். அகலத்தைக் கூட்டினால் இந்த விசை மாறாது. ஆகவே அதிகத் தண்ணீர் வேண்டுமென்பவர்களிடம் அகலத்தைக் கூட்டச் சொல்கிறேன். மீனுக்கு நீந்த இடமும் கிடைக்கும், தண்ணீரில் காற்று கலக்கப் பரப்பும் கிடைக்கும். ஒன்றரை அடி உயரத்துக்கு நான் போடுவது, மேல்பட்டை வைத்தால் 10 எம்.எம்., பட்டை வேண்டாமென்றால் 12 எம்.எம்.

தொட்டியின் உயிர் ஒட்டில் இருக்கிறது. காயும்போது வினிகர் வாசனை வரும் சிலிக்கான்தான் இதற்கு உகந்தது. குளியலறைக்கென்று விற்பதில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளாகக் காயும். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே தண்ணீர் நிரப்பக் கூடாது. ஒரு வாரம் விட வேண்டும். காய்ந்த பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்காது. கசியும் தொட்டியைச் சரிசெய்யும்போது பழையதை முழுக்கச் சுரண்டி எடுப்பதில்தான் ஒட்டுகிறவரின் பொறுமை தெரியும்.

அடிப்பாகமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜெர்மனியின் ஜூவல் தொட்டி அடிச்சட்டத்தின் மேல் நிற்பது. அதற்குக் கீழே தெர்மாகோல் வைக்கக் கூடாது. நாங்கள் ஒட்டுவதில் சட்டம் கிடையாது. தெர்மாகோல் இல்லாமல் வைத்தால் ஒரு மணல் பருக்கைகூட அடிக்கண்ணாடியை விரிசல் விடச் செய்யக்கூடும். மூடியோடு விளக்கும் மோட்டாரும் சேர்ந்து வரும் தொட்டிகள் வாங்கிய அன்றே ஓடும். ஆனால் மோட்டார் நின்றால் அதே வடிவத்தில் இன்னொன்று தேட வேண்டும். பணி ஓய்வு பெற்று நெய்வேலி நகரியக் குடியிருப்பைக் காலி செய்யப்போகும் குடும்பங்களுக்கு, எந்த ஊரிலும் பழுது பார்க்கக்கூடிய தொட்டிதான் நல்லது.

பெரிய கம்பெனிகளிடம் நான் மதிப்பது, ஒவ்வொரு தொட்டியும் ஒரே அளவில், ஒரே தரத்தில் வருவதை. எதை எப்படி வைக்க வேண்டுமென்று எழுதிக் கொடுப்பதை. அந்த ஒழுங்கு சின்னப் பட்டறைக்கும் முடியும். கண்ணாடியின் கனம், சிலிக்கானின் பெயர், ஒட்டிய தேதி மூன்றையும் பில்லில் எழுதுகிறேன். யாரிடம் வாங்கினாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். தயங்காமல் எழுதிக் கொடுப்பவரிடம் வாங்குங்கள்.