லிஸ்பன் வீதிகளில் ஏழு நாள்

பொருள்வயிற் பிரிவு என்னும் துறையை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் மனனம் செய்தவன் நான். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்த மாணவர்க்கு மாலை வகுப்புகளில் அதனை விளக்கியும் இருக்கிறேன். தலைவன் பொருள் தேடப் புறப்படுகிறான், தலைவி வருந்துகிறாள், பாலை நிலத்தின் கொடுமை பேசப்படுகிறது. சென்ற இடத்தில் தலைவன் முதல் வாரத்தை எவ்வாறு கழித்தான், யாரிடம் பேசினான், எதை உண்டான் என்பன மட்டும் நான் படித்த உரைகளில் காணக் கிடைக்கவில்லை. அவற்றை நானே சென்று அறிந்துகொள்ளும் வாய்ப்பு 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது.

தாயாரின் மருத்துவச் செலவால் ஏறிய கடன் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் சம்பளத்தில் அடைபடுவதாக இல்லை. ஆங்கில வழியில் கணிதம் கற்பிக்க ஓராண்டு ஒப்பந்தத்தில் போர்த்துகல் நாட்டுத் தனியார் பள்ளி ஒன்று அழைத்தது. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியையும் பத்து வயது மகளையும் என் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அதற்கு முன் சிங்கப்பூரையும் தமிழ்நாட்டையும் தவிர வேறு நாடு கண்டறியேன். ஒரு செவ்வாய்க்கிழமை லிஸ்பனில் இறங்கினேன். அடுத்த செவ்வாயன்று பணியில் சேர வேண்டும். இடையில் ஏழு நாள் எனக்கே எனக்கு.

சுதந்திரமான நாள்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அவை அச்சம் மிகுந்த நாள்களாகவே தொடங்கின. குளிரைக் குறித்தோ உணவைக் குறித்தோ எனக்குக் கவலை இல்லை. மொழியைக் கொண்டே பிழைப்பவன் மொழி தெரியாத ஊரில் யார்? நம் ஊரில் சாலையோரக் கடைக்காரர் முதல் கல்வி அதிகாரி வரை என்னை 'ஆசிரியர் ஐயா' என்று அழைத்தனர். விமான நிலைய வாயிலில் வாடகை வண்டிக்காரரிடம் முகவரித் துண்டை நீட்டி, வாய் திறவாமல் நின்றபோது, அந்தப் பட்டம் எத்துணை மெலிதானது என்று விளங்கியது.

நான் தங்கிய அறை மொராரியா என்னும் பழம் பகுதியில் இருந்தது. 1147இல் போர்த்துகீசிய அரசர் லிஸ்பனைக் கைப்பற்றிய பின், அங்கு எஞ்சிய மூர் இன முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட மேட்டுச் சரிவு அது. பெயரும் அதனால் வந்ததே. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள். படிக்கட்டுகளே தெருக்களாக இருந்தன. மாடங்களில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்கார அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். போர்த்துகீசியம் தவிர ஒரு சொல்லும் அறியார். என்னை அறைக்குள் அழைத்துச் சென்று, ஒவ்வொரு பொருளையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லத் தொடங்கினார். மொழி தெரியாதவனுக்கு மொழி கற்பிக்கும் முறை அதுவே என்று நமக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

முதலில் ஓர் இரும்புத் திறவுகோலை என் உள்ளங்கையில் வைத்து, "ஷாவ்" என்றார். அடுத்து மரக்கதவு ஒன்றைத் திறந்து, "ஜனெலா" என்றார். மாலை வெயில் உள்ளே வந்தது. எழுதும் பலகையைத் தட்டி, "மேசா". மூலையில் நின்ற உயர்ந்த பெட்டகத்தைத் திறந்து, "அர்மாரியு". கட்டிலின் மேல் மடித்து வைத்திருந்த துணியைத் தூக்கி, "துவால்யா". நாற்காலியைச் சற்றே இழுத்து, "கதேய்ரா". கூடத்தின் கோடியில் இருந்த சமையற்கட்டைச் சுட்டி, "குசீன்யா".

நான் திகைத்து நின்றேன். அம்மையார் எனக்குப் புரியவில்லை என்று எண்ணி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். புரியாமல் நான் திகைக்கவில்லை. சாவி, சன்னல், மேசை, அலமாரி, துவாலை, கதிரை, குசினி! கடைசி இரண்டையும் இன்றைய நம் பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள். யாழ்ப்பாணத்து வழிவந்த என் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் நாற்காலியைக் 'கதிரை' என்றே வாழ்நாள் முழுதும் வழங்கினார். என் பாட்டிக்குச் சமையலறை என்றும் 'குசினி'தான்.

இச்சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆயினும், பிறந்த வீட்டிலேயே அச்சொல்லை ஒருவர் இயல்பாக வழங்கக் கேட்பது வேறு அனுபவம். நம் 'சாவி'யில் உள்ள சகரம் அங்கே ஷகரமாக ஒலித்தது முதலில் என்னைக் குழப்பியது. பழைய போர்த்துகீசியத்தில் அவ்வெழுத்துக்குச் சகர வல்லொலியே இருந்தது. பின்னாளில்தான் அது மெலிந்தது. பதினாறாம் நூற்றாண்டு மாலுமியின் உச்சரிப்பை அவன் பேரன்மார் கைவிட்டுவிட்டார்கள். 'ச்சாவி' என்று அழுத்திச் சொல்லும் நம் பாட்டிமார் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை மளிகைக் கடைக்குச் சென்றபோது எனக்குத் துணிவு வந்திருந்தது. இம்முறை மலாய் மொழியைத் துணைக்கழைத்தேன். "மெந்தேகா" என்றேன், கடைக்காரப் பெண் "மன்தெய்கா" என்று திருத்தி வெண்ணெய்க் கட்டியை எடுத்து வைத்தார். "கேஜூ" என்றேன், பாலாடைக் கட்டி வந்தது. ரொட்டியை மட்டும் கைகாட்டித்தான் வாங்கினேன். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 5 வெள்ளி என்று மனக்கணக்குப் போட்டதில் வெண்ணெய் கசந்தது. அது வேறு கதை.

அதன் பின் நகரமே எனக்கு ஒரு சொல் அகராதியாகிவிட்டது. பைஷா என்னும் தாழ்நிலப் பகுதியில் தெருக்கள் கோடு போட்டாற்போல் நேராக ஓடுகின்றன. 1755 நவம்பர் 1ஆம் நாள், கிறித்தவர்கள் புனிதர் அனைவர் திருநாள் கொண்டாடிய காலைப்பொழுதில், பெருநிலநடுக்கமும் அதனை அடுத்துக் கடற்கோளும் தீயும் அந்நகரை அழித்தன. பின்னர் பொம்பால் என்னும் அமைச்சரின் ஆணைப்படி அளந்து கட்டிய தெருக்கள் அவை. பொன் வேலை, வெள்ளி வேலை என்று தொழிலுக்கொரு தெரு. அவற்றுள் ஒன்றின் பெயர்ப்பலகையில் 'சப்பத்தேய்ருஷ்' என்று கண்டேன். செருப்புத் தைப்பவர் தெரு! மலாய்மொழியில் காலணிக்குச் 'செப்பாத்து' என்னும் சொல் இருப்பதை நினைத்து, என் காலணியைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அது அவ்வூர் வழவழப்பான சிறுகல் பாவிய நடைபாதையில் இருமுறை என்னை வழுக்கிவிட்டிருந்தது. அந்தக் கருங்கல் வெண்கல் கோலங்கள் கண்ணுக்கு விருந்து, முழங்காலுக்குப் பகை.

மேட்டின் மேல் கார்மோ தேவாலயம் கூரையின்றி நிற்கிறது. நிலநடுக்கத்தில் சரிந்த கூரையை அவர்கள் மீண்டும் போடவில்லை. கல் விலாவெலும்புகளின் இடையே வானம் தெரிகிறது. அங்கு நான் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ஆனால் அதனினும் மிகுதியாக என்னை நிறுத்திய இடம் ஒரு சாதாரணத் தொடக்கப்பள்ளியின் பூட்டிய வாயில். மேலே 'எஷ்கோலா' என்று எழுதியிருந்தது. விடுமுறைக் காலமாதலால் பிள்ளைகள் இல்லை. நம் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையிலும் முதற்சொல்லாக நிற்பது 'செக்கோலா' அல்லவா? அதன் தாய் இது. திங்கட்கிழமைச் சபைகூடலில் நாம் ஏற்றும் 'பெண்டேரா'வும் இங்கிருந்து வந்ததே. நாட்டுப்பற்றை ஊட்டும் சொற்களே கப்பலில் வந்தவை என்று என் மாணவரிடம் சொன்னால் எப்படி விழிப்பார்கள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

வாங்கினோம் என்று மட்டும் சொல்வது முறையாகாது, கொடுக்கவும் செய்தோம். மார்த்திம் மொனிஷ் என்னும் சதுக்கத்தை ஒட்டி ஆசியர் கடைகள் பல இருந்தன. 1975இல் மொசாம்பிக் விடுதலை பெற்றபோது அங்கிருந்து லிஸ்பனுக்குக் குடிபெயர்ந்த குசராத்தியர் பலர். அவர்களுள் ஒருவரின் கடையில் பருப்பும் மிளகாய்த்தூளும் வாங்கினேன். பழத்தட்டில் 'மாங்கா' என்றே எழுதியிருந்தார்கள். தமிழ், மலையாளக் கரையின் மாங்காய்தான் அது. பக்கத்து உணவுக்கடையின் பட்டியலில் 'கரில்' என்று கண்டது நம் கறி. முதியவரான கடைக்காரர் நான் மலேசியத் தமிழன் என்று அறிந்ததும், ஆங்கிலத்தில், "நானும் என் தந்தையும் பிறந்த நாடு வேறு வேறு; என் மகன் பிறந்தது இங்கே. பேரன் எங்கே பிறப்பானோ?" என்றார். வீட்டில் குசராத்தி பேசுகிறீர்களா என்று கேட்டேன். "நானும் மனைவியும் பேசுகிறோம், பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்" என்றார். அந்த விடையை நம் ஊரிலும் நான் கேட்டதுண்டு.

திங்கட்கிழமை, பணியில் சேர்வதற்கு முந்திய நாள், பெலெம் என்னும் ஆற்றங்கரைப் பகுதிக்கு டிராம் வண்டியில் சென்றேன். அங்கு ஓர் உயர்ந்த தூணின் மேல் அல்புகெர்க் நிற்கிறார். 1511 ஆகஸ்டில் மலாக்காவைக் கைப்பற்றியவர் இவரே. பள்ளி மாணவனாக இருந்தபோது வரலாற்றுப் பாடத்தில் இவருடைய படத்துக்குக் கொம்பு வரைந்த நண்பன் ஒருவன் எனக்குண்டு. சிலையின் கீழ் நின்றபோது, ஆ ஃபமோசா கோட்டையில் எஞ்சிய ஒற்றை வாயிலை நினைத்தேன். மலாக்காவில் வாரிய செல்வத்தை ஏற்றிச் சென்ற 'ஃப்ளோர் டி லா மார்' என்னும் கப்பல் அதே 1511இல் சுமத்திராவை ஒட்டிய கடலில் மூழ்கியது. அப்பொன் எவர்க்கும் பயன்படவில்லை. அந்த மாலுமிகளின் வாயில் இருந்த சொற்களோ கரையேறி, ஆசியத் துறைமுகங்களில் பல நூற்றாண்டு வணிகப் பொதுமொழியாக வழங்கி, நம் வீட்டுக் குசினி வரை வந்துவிட்டன.

ஆற்றோரத்தில் 1960இல் கட்டிய கடலோடிகள் நினைவுச் சின்னத்தின் முன் தரையில் பளிங்கால் உலகப்படம் பதித்திருக்கிறார்கள். நம் தீபகற்பத்தைத் தேடிப் பிடித்து அதன் மேல் நின்றேன். என் காலணிகளுக்குள் அது அடங்கிவிட்டது. அருகில் படம் பிடித்துக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகளுக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்கோ, பினாங்கும் மலாக்காவும் ஜொகூரும் என் காலடியில் மறைந்ததும் வீட்டு நினைவு வந்து தொண்டையை அடைத்தது.

எதிரில் ஜெரோனிமோஸ் மடாலயம். மிளகு முதலிய கீழைநாட்டுச் சரக்கின் மீது விதித்த வரி அதைக் கட்டத் துணைபுரிந்தது. அதன் ஒரு சிறகில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருந்தது. நான் அங்கு சென்றதற்குக் காரணம் ஒரு நூல். 1554 பிப்ரவரி 11இல் லிஸ்பனில் அச்சான தமிழ்-போர்த்துகீசியச் சமயப் பாடநூலின் படி அவ்வருங்காட்சியகத்தின் உடைமை. இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அந்நாளில் தமிழ் எழுத்து வார்க்கப்படவில்லை. ஆகவே தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டு, அவற்றோடு போர்த்துகீசியப் பொருளையும் தந்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578இல். இம்முதல் அச்சுநூல்களைப் பற்றித் தனிநாயக அடிகளார் 1950களிலேயே எழுதினார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய அதே அடிகளார்தாம். அவர் எழுத்தைப் படித்ததன் விளைவாகவே நான் அந்த வாயிலில் நின்றேன்.

கதவு மூடியிருந்தது. அந்நாட்டில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. திறந்திருந்தாலும் அத்தகைய அரிய ஏட்டை வழிப்போக்கனுக்கு எடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள். நீண்ட வெண்கற்சுவரின் நிழலில் அமர்ந்தேன். அந்நூலின் தமிழை எழுதித் தந்தவர்கள் மூவர்: விசென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வால்யு, தோமா த குரூசு. பெயர்கள் திருமுழுக்கில் பெற்றவை, ஆட்கள் தமிழர். பிறர் எழுத்தில், பிறர் சமயத்தை, தம் மொழியில் சொல் சொல்லாக அடுக்கியிருக்கிறார்கள். விரும்பிச் செய்தார்களா, பணிக்கப்பட்டுச் செய்தார்களா? சம்பளம் உண்டா? இங்குள்ள குளிரில், மீன் குழம்புக்கு ஏங்கினார்களா? நூலின் பெயரில் உள்ள 'கார்த்தில்யா' என்னும் சொல்லுக்கு அரிச்சுவடி என்பது பொருள். அப்படியானால், அச்சேறிய முதல் தமிழ் ஒரு பாடப்புத்தகம். அவர்கள் நம் தொழிலைச் செய்தவர்கள்.

நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் நற்பயனால் நாம் 'சாளரம்' என்றும் 'திறவுகோல்' என்றும் எழுதக் கற்றோம். மாணவன் கட்டுரையில் 'சாளரம்' வந்தால் நான் இன்றும் மகிழ்ந்து மதிப்பெண் தருகிறேன், தருவேன். ஆனால் 'சன்னல்' என்று எழுதிய பிள்ளையைக் குற்றவாளியாக்க என் பேனா எழாது. பேனாவே போர்த்துகீசியம் என்பார் உண்டு! அச்சொல்லுக்குள் மலாக்காவின் வீழ்ச்சியும் இருக்கிறது. அந்த மூவரின் தனிமையும் இருக்கிறது. சிவப்பு மையால் அடித்துவிட்டால் பிள்ளைக்கு இரண்டும் தெரியாமற்போகும். இரு சொல்லையும் கரும்பலகையில் எழுதி, ஒன்று எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். பாடத்திட்டத்தில் அந்த ஐந்து நிமிடம் எங்கே என்று கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு, நன்னெறிக் கல்வியிலோ வரலாற்றிலோ திருடிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

அன்றிரவு, மறுநாள் வகுப்புக்கான குறிப்புகளை முடித்தபின், மகளுக்கு மடல் எழுதினேன். ஏழு நாளில் சேர்த்த சொற்கள் அனைத்தையும் வரிசையாக எழுதி, வீட்டில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று பாட்டியைக் கேட்டு எழுதுமாறு பணித்திருந்தேன். மூன்று வாரம் கழித்து மறுமொழி வந்தது. தாயும் மகளும் நூலகத்தில் அகராதி புரட்டி, பீப்பாய், ஏலம், அன்னாசி என மூன்றைச் சேர்த்திருந்தார்கள். அன்னாசி தென் அமெரிக்கப் பழம் என்றும், போர்த்துகீசியர் வழியாக நமக்குப் பெயரோடு வந்தது என்றும் மகள் பாட்டிக்கு விளக்கினாளாம். பொந்தியான் பக்கத்து அன்னாசித் தோட்டத்தில் இருபது ஆண்டு முள் குத்தக் குத்தப் பழம் அறுத்தவர் என் பாட்டி. "உங்க அப்பன் வெள்ளைக்காரன் ஊருக்குப் போன ஒரு மாசத்துல புத்தி கெட்டுப் போச்சு, அன்னாசி நம்ம ஊர்ப் பழம்னு எழுதிப் போடு" என்றாராம். மகள் அதை அப்படியே எழுதியிருந்தாள்.