மாறாத மின்னழுத்தம்

எழுத்தறியாத என் தந்தை, நான் அமைக்கும் நீர்மட்டக் கருவியின் முள்ளை நம்பித்தான் மோட்டாரைப் போடுவார். கிணறு வற்றியபின் ஓடினால் மோட்டார் கருகும்; ஒரு போக வருவாயும் போகும். கருவி இருக்கப்போவதோ தகரக் கொட்டகையில்! வெயிலில் மின்னழுத்தம் பிறழ்ந்தால் முள் பொய் சொல்லுமே!

டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் அழுத்தம், வெப்பம் ஏற ஏற, டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் இயங்கும் இரு டிரான்சிஸ்டர்களின் அழுத்த வேறுபாடோ கூடுகிறது. அவ்வேறுபாட்டைப் பெருக்கி முன்னதோடு கூட்டினால், சுமார் 1.2 வோல்ட் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ராபர்ட் விட்லர் 1971இல் விளக்கிய முறை இது. இம்முறையில் அமைந்த எல்.எம். 317 சீராக்கியைத் தேர்ந்தேன். அதன் சில்லு 0 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். நம் சித்திரை வெயிலுக்கு அது போதும்.

மாறாத பொருள் எதுவும் அதனுள் இல்லை. ஒன்றின் தளர்வை மற்றொன்றின் எழுச்சி ஈடு செய்கிறது. நண்பர்களே, நிலைத்திருத்தல் என்பது இதுதான் போலும்!